மனு கொடுத்தவரும் திரையில் வந்தவரும்

உண்மையைத் தேடிப் போராடிய நிஜ மனிதர்களைப் பற்றிய தமிழ்ப் படம் என்றதும் இன்று பலரும் முதலில் சொல்லும் பெயர் ‘ஜெய் பீம்’. தா.செ.ஞானவேல் இயக்கி, சூர்யாவும் ஜோதிகாவும் தயாரித்த அந்தப் படம் 2021 நவம்பர் 2ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளியானது. பார்த்தவர்கள் நினைவில் நிற்பவை பெரும்பாலும் கறுப்பு அங்கியோடு சூர்யா வாதாடும் நீதிமன்றக் காட்சிகள். ஆனால் வழக்கறிஞரின் மேசைக்கு அந்த வழக்கு வருவதற்கு முன்பே ஒரு பெண் காவல் நிலையத்தின் வாசலில் நின்று, “என் புருஷன் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். வழக்கே அந்தக் கேள்விதான். மற்றவை அதற்குப் பதில் தேடிய வழிகள்.

படத்தின் மூலச் சம்பவம் 1993 மார்ச்சில் நடந்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், விருத்தாசலம் வட்டாரத்தைச் சேர்ந்த முதனை கிராமத்தில் வாழ்ந்தவர் ராஜாக்கண்ணு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. நகைத் திருட்டுப் புகார் ஒன்றில் கம்மாபுரம் போலீஸார் அவரைப் பிடித்துச் சென்றார்கள். பிறகு, காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். மனைவி பார்வதி அதை நம்பவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சியினரின் துணையோடு சென்னைக்கு வந்து வழக்கறிஞர் கே.சந்துருவைச் சந்தித்தார். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அடையாளம் தெரியாத சடலமாகப் பக்கத்து மாவட்டத்தின் மீன்சுருட்டிக் காவல் எல்லையில் கிடந்தவர்தான் ராஜாக்கண்ணு என்பது அந்த மனுவின் வழியாகத்தான் வெளியே வந்தது. காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1993இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 2006இல்தான் முடிந்தது.

ஆட்கொணர்வு மனு என்பது ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றம் அரசுக்கு இடும் கட்டளையைக் கோருவது. வழக்கமாக இரு தரப்பும் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்களைப் படித்தே நீதிபதிகள் முடிவுசெய்வார்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கம் இதில் இல்லை. போலீஸ் பொய்ப் பத்திரம் கொடுத்துவிட்டால் அதை உடைக்க மனுதாரருக்கு வழியும் இல்லை. ‘ஜெய் பீம்’ படத்தின் சந்துரு இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட ஒரு கேரள வழக்கை எடுத்துக் காட்டுவார். அது ராஜன் வழக்கு. இந்த வகைப் படங்களின் வரலாற்றிலும் அந்த வழக்குக்கு முன்னிடம் உண்டு.

கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1ஆம் தேதி போலீஸாரால் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் முகாமில் சித்திரவதைக்கு ஆளானார். தந்தை ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். முதல்வர், உள்துறை அமைச்சர், அதிகாரிகள் என்று ஒருவர் விடாமல் மனு கொடுத்தார். நீதிமன்றத்துக்குப் போக முடியாத காலம் அது. நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டதும் அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார். நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தது. ராஜனைப் போலீஸ் பிடித்தது உண்மையே என்று முடிவு சொன்னது. நெருக்கடி நிலையின்போது உள்துறையைக் கையில் வைத்திருந்து, அப்போதுதான் முதல்வராகியிருந்த கே.கருணாகரன் ஒரு மாதத்துக்குள் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

இந்தச் சம்பவத்தின் தாக்கத்தில் ஷாஜி என். கருண் எடுத்த மலையாளப் படம் ‘பிறவி’. 1989 கான் திரைப்பட விழாவில் முதல் பட இயக்குநர்களுக்கான விருதுப் பிரிவில் சிறப்புக் குறிப்பு பெற்றது. ராஜன் என்ற பெயர் படத்தில் இல்லை. நீதிமன்றக் கூண்டு இல்லை. அனல் பறக்கும் வசனம் இல்லை. மகன் இன்று வருவான் என்று ஒரு முதியவர் தினமும் போய்க் காத்திருக்கிறார், மழை பெய்கிறது, அவர் திரும்பி வருகிறார். பிரேம்ஜி நடித்த அந்தத் தந்தை, ஈச்சர வாரியரைப் போல வழக்காடுபவரும் அல்லர். நிஜ மனிதரின் போராட்டத்தை ஒதுக்கிவிட்டு அவருடைய காத்திருப்பை மட்டும் ஷாஜி எடுத்துக்கொண்டது சரியா என்று கேட்கலாம். கேட்டாலும், உண்மையைத் தேடுபவரின் நாட்களில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகிறது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய இந்தியப் படம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

காத்திருப்பு திரைக்கதைக்கு ஆகாத சரக்கு. இத்தகைய படங்கள் புகார் கொடுத்தவரை விட்டு வழக்கறிஞர் பக்கமோ அதிகாரி பக்கமோ நகர்வதற்கு முதல் காரணம் அது. வழக்கறிஞருக்கு வாதம் இருக்கிறது, எதிராளி இருக்கிறார், வெற்றி தோல்வி அன்றன்றே தெரிகிறது. புகார் கொடுத்தவருக்கு இருப்பவை பேருந்துப் பயணமும் வராந்தாவில் நிற்பதும் “நாளைக்கு வா” என்ற பதிலும்தான். இரண்டாவது காரணம் வெளிப்படையானது: நட்சத்திரம் யாருடைய வேடத்தை ஏற்கிறாரோ அவர் பக்கம்தான் கேமரா திரும்பும்.

‘ஜெய் பீம்’ இந்த இழுப்புக்கு முழுவதும் தப்பவில்லை. முழுவதும் விழவும் இல்லை. பார்வதியின் திரை வடிவமாக லிஜோமோள் ஜோஸ் நடித்த செங்கேணி, காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் காட்சி அதற்குச் சான்று. மேலிடத்திலிருந்து கண்டிப்பு வந்ததும் அவரை ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். அவர் ஏற மறுக்கிறார். கருவுற்ற வயிற்றோடு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஏறச் சொல்லிக் கெஞ்சியபடி போலீஸ் ஜீப் அவருடைய நடைவேகத்துக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது. வசனம் அதிகம் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது இடம் மாறிவிடுகிறது. நீதிமன்றக் காட்சிகள் எல்லாவற்றையும்விட வலுவான இடம் இதுதான். சமாதானப் பணத்தை அவர் மறுக்கும் காட்சியும் இதன் தொடர்ச்சியே.

நிஜ சந்துரு, திரைப்படம் எதுவும் கூட்டித் தர வேண்டிய தேவை இல்லாத ஆளுமை. மாணவர் இயக்கத்திலும் தொழிற்சங்க வழக்குகளிலும் வளர்ந்தவர். 2006இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 2013 மார்ச்சில் ஓய்வுபெற்றார். பணிக்காலத்தில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ‘மை லார்ட்’ என்று அழைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களிடம் சொன்னவர். பிரிவுபசார விழாவைத் தவிர்த்துவிட்டு, ஓய்வுபெற்ற அன்று மின்சார ரயிலில் வீடு திரும்பியவர். இப்படி ஒருவர் கையில் கிடைக்கும்போது இயக்குநர் அவரை நாயகராக்குவதில் வியப்பில்லை. ஞானவேல் பத்திரிகையாளராக இருந்தவர் என்பதால் வழக்கின் தாள்கள்மீதும் அவருக்குக் கவனம் இருக்கிறது. தொலைபேசி அழைப்பு எங்கிருந்து வந்தது, பதிவேட்டில் எந்த நேரம் எழுதப்பட்டது, ஜீப் எந்தத் தேதியில் எல்லை தாண்டியது என்ற சின்னச் சின்ன விவரங்களால்தான் படத்தில் பொய் அவிழ்கிறது. வீர வசனத்தால் அவிழ்வதில்லை.

உண்மைக் கதை என்று சொல்லிக்கொள்ளும் படம் எதை மாற்றலாம் என்ற கேள்வி, வெளியான வாரத்திலேயே எழுந்தது. ராஜாக்கண்ணு குறவர், படத்தில் அவர் இருளர். கதையின் வட்டத்தைப் பெரிதாக்க இது உதவியது என்று இயக்குநரின் பக்கம் நின்று வாதிடலாம். எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் செங்கல் சூளையில் வேலை செய்தும் வாழும் இருளர்களின் சாதிச் சான்றிதழ்ச் சிக்கலைப் படம் விரிவாகப் பேச முடிந்தது அதனால்தான். ஆனால் அடிபட்டுச் செத்தவரின் சமூகம் அவருடைய கதையிலிருந்தே காணாமல் போனது. ‘திருட்டுக் கூட்டம்’ என்று முத்திரை குத்தப்பட்ட வரலாறு குறவர்களுக்கு உண்டு. அந்த முத்திரைதான் ராஜாக்கண்ணுவைக் காவல் நிலையத்துக்கு இழுத்தது. அதை மாற்றியது சிறிய மாற்றம் அன்று. இதைப் பற்றி நடந்திருக்க வேண்டிய விவாதம் போதுமான அளவு நடக்கவில்லை. பேச்சு முழுவதையும் இன்னொரு சர்ச்சை விழுங்கிவிட்டது. கொடுமை செய்யும் உதவி ஆய்வாளரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வன்னியர்களின் அடையாளமாகக் கருதப்படும் அக்னி குண்டம் இருந்தது. வன்னியர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது; ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. காட்சியில் நாட்காட்டி மாற்றப்பட்டது. ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். நிஜ வழக்கில் இல்லாத சாதி அடையாளம் ஒன்று படத்துக்குள் எப்படி வந்தது என்பது நியாயமான கேள்வி. கொல்லப்பட்டவரின் அடையாளம் மாறியதைவிடச் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்கு அதிக மை செலவானதும் தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு தகவல்தான்.

வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் நிஜ மனிதருக்கும் திரைக்கும் இடையிலான இடைவெளி குறைவு. பாதிக்கப்பட்டவரே எழுதிய நூல் அதன் மூலம். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், 1983இல் ஆந்திரத்தின் குண்டூரில் செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்டு, ஒப்புக்கொள்ளச் சொல்லி நாள்கணக்கில் அடிக்கப்பட்டார். அதை ‘லாக்கப்’ என்ற நாவலாக 2006இல் வெளியிட்டார். படம் 2015 வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலி விருது பெற்றது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. இதில் காப்பாற்ற வரும் வழக்கறிஞர் கிடையாது. அடிபடுபவரின் உடம்பு எப்படி நடுங்கும், எந்த அடிக்குப் பிறகு பொய்யை ஒப்புக்கொள்ளத் தோன்றும், ஒப்புக்கொள்ளாமல் இருக்க என்ன விலை என்பதெல்லாம் உள்ளே இருந்தவர் மட்டுமே சொல்லக்கூடியவை. பிற்பாதி சந்திரகுமாரின் அனுபவம் இல்லை. இயக்குநர் சேர்த்த கதை. அங்கே படம் விறுவிறுப்படைகிறது. முதல் பாதியின் நம்பகம் கொஞ்சம் தளர்கிறது.

பாதிக்கப்பட்டவரே சொல்லும் கதைக்கும் ஆபத்து உண்டு. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பர் 30இல் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996இல் சிபிஐ சொன்னது; 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 24 ஆண்டுகள் விடாமல் வழக்காடியதால் கிடைத்த நீதி அது. மாதவன் இயக்கி நடித்த ‘ராக்கெட்ரி’ (2022) சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், இஸ்ரோவில் அவரோடு பணியாற்றிய மூத்த விஞ்ஞானிகள் சிலர் திருவனந்தபுரத்தில் செய்தியாளர்களைச் சந்தித்து, படம் சொல்லும் விண்வெளிச் சாதனைகளில் பல மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். அநீதிக்கு ஆளானார் என்பது நீதிமன்றம் உறுதிசெய்த உண்மை. அந்த உண்மையின் பலத்தில், உறுதியாகாத மற்றவற்றையும் சேர்த்து நம்பவைப்பது வேறு வேலை. நாயகர் சொன்னதை அப்படியே படமாக்குவது நன்றிக்கடனாக இருக்கலாம். உண்மைத் தேடலாக இருக்காது.

யார் சொல்லும் உண்மையைப் படமாக்குவது என்ற கேள்விக்கு ஈழத் தமிழர்களிடையே இன்னும் கடினமான ஒரு முகம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூறியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம, இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பின் வன்முறைகளையும் பதிவுசெய்தவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர். 1989 செப்டம்பர் 21ஆம் தேதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. கனடாவில் எலேன் க்ளோடாவ்ஸ்கி 2005இல் எடுத்த ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ ஆவணப்படத்தில், நடித்துக் காட்டப்படும் பகுதிகளில் ராஜினியாக வருபவர் அவருடைய மகள். தாயின் சேலையும் தாயின் சைக்கிள் பாதையும் மகளுடையதாகும் அந்தப் பகுதிகளில் நடிப்புக்கும் நினைவுக்கும் நடுவே கோடு போட முடியாது. தமிழில் ராஜினியைப் பற்றி ஒரு முழுநீளக் கதைப்படம் எடுக்க வேண்டுமானால், எல்லாத் தரப்புக்கும் பிடிக்காத படத்தை எடுக்கத் தயாரான தயாரிப்பாளர் வேண்டும்.

மேலை நாடுகளில் இவ்வகைப் படங்கள் பலவும் பத்திரிகை அலுவலகத்துக்குள் நடப்பவை. வாட்டர்கேட் ஊழலைத் துப்பறிந்த இரண்டு நிருபர்களைப் பற்றிய ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ (1976) ஒரு முன்மாதிரி. பாஸ்டன் திருச்சபைப் பாலியல் குற்றங்களை வெளிக்கொண்டுவந்த செய்திக் குழுவைப் பற்றிய ‘ஸ்பாட்லைட்’ (2015) சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அதில் நிருபர்கள் திருச்சபையின் பழைய ஆண்டுக் கையேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அளவுகோலை வரிவரியாக நகர்த்தி, ‘நோய் விடுப்பு’ என்று குறிக்கப்பட்ட பாதிரியார்களின் பெயர்களைத் தனியே எழுதுகிறார்கள். உண்மை அகப்படுவது அந்தச் சலிப்பூட்டும் வேலையில். தமிழ் சினிமாவின் நிருபர்கள் பெரும்பாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பதிவேடு புரட்டுவது குறைவு. இந்தியில் ஹன்சல் மேத்தா எடுத்த ‘ஷாஹித்’ அந்தப் பொறுமைக்கு அருகில் வருகிறது. பயங்கரவாத வழக்குகளில் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டவர்களுக்காக வாதாடி, 2010 பிப்ரவரி 11இல் மும்பையில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மியின் கதை அது. கீழ் நீதிமன்றத்தின் நெரிசலும் சாட்சி சொல்லும் வார்த்தையை நிறுத்தி நிறுத்திப் பதியும் வேகமும் அதில் அப்படியே இருக்கின்றன.

நிஜ மனிதரைப் பற்றியதல்லாத படமும் உண்மையைச் சொல்லலாம்.  தறிச் சத்தமும் செங்கல் சூளைப் புகையும் அடுத்தடுத்து இருக்கும் காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு அப்படி ஒரு படம் உண்டு: பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் பெற்றுத் தந்தது. அதன் நாயகரான நெசவாளர் வேங்கடம் நிஜ மனிதர் இல்லை, புனைவுப் பாத்திரம். மகளின் திருமணத்துக்குப் பட்டுப்புடவை தருவேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற, முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து தினமும் பட்டு இழையை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து இருட்டில் நெய்கிறார். பட்டு நெய்பவன் வீட்டில் பட்டு இல்லை என்ற உண்மையைச் சொல்லப் படத்துக்கு ஒரு நிஜப் பெயர் தேவைப்படவில்லை. ‘உண்மைக் கதை’ என்ற அறிவிப்பு உண்மைக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு மறுபுறச் சான்று இது.

இதே மாவட்டத்தில் படமாகாத ஒரு நிஜக் கதையும் நடந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் 16 பேர் குழந்தைகள், பெரும்பாலோர் இருளர். சொற்பக் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் நெடுஞ்சாண்கிடையாக விழும் புகைப்படம் நாடெங்கும் பரவியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. நாளை இதைப் படமாக்குபவருக்கு அதிகாரியை நாயகராக்குவது சுலபம். புகைப்படமே அப்படித்தான் சட்டகம் போட்டிருக்கிறது. விழுந்தவர் எழுந்து, எத்தனை ஆண்டு, எவ்வளவு கடன், யார் அடித்தார்கள் என்று வாக்குமூலம் கொடுக்கும் நேரத்திலிருந்து கதையைத் தொடங்குவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். விடுதலைச் சான்று அந்த வாக்குமூலத்தைக் கொண்டுதான் எழுதப்படுகிறது.

படம் வந்த பிறகு என்ன ஆகும் என்பதிலும் மிகை வேண்டாம். ‘ஜெய் பீம்’ வெளியாகி இரண்டு நாள் கழித்து, 2021 தீபாவளியன்று, முதல்வர் மு.க.ஸ்டாலின் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். பலர் அதைப் படத்தின் கணக்கில் எழுதினார்கள். உண்மையில், கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் விரட்டப்பட்ட நரிக்குறவப் பெண் ஒருவர் கேமரா முன்னால் நின்று கேட்ட கேள்விதான் அதற்கு முன்கதை. படத்தின் கணக்கில் ஐயமின்றி எழுதக்கூடியவை வேறு: பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய், பார்வதி பெயரில் சூர்யா வைத்த பத்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. கணவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு, தன் கதை படமானதால் வந்த பணம்.

ஒரு தனி நாயகர் கிடைக்காத வழக்குகளைத் தமிழ் சினிமாவால் இன்னும் சரியாகக் கையாள முடியவில்லை. தர்மபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி அப்படிப்பட்டது. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை எடுத்தன. உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ விசாரித்தது. சீருடை அணிந்த நூற்றுக்கணக்கானோரிடையே தங்களைச் சீரழித்தவர்களை அந்தப் பெண்கள் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது, காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன், 2023இல் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், அதில் ஐந்து லட்சத்தைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார்.